சாவிக்கு முன்னால் ஸ்பேனர்

விடியும் முன்னே கீரிப்பாறைக்கோ மணலோடைக்கோ போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டுக்குப் போகிறவர் சரல் பாதையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லை ஏற்றிப் போவார். பின்னால் மனைவி உட்கார்ந்திருப்பார், முன்னால் பால் வாளிகள் தொங்கும். மழை அரித்த பாதையில் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் வேர். எக்ஸ்எல் 100-இன் எஞ்சின் 99.7 சிசி, எடை 90 கிலோவுக்கும் குறைவு, கியர் கிடையாது. காட்டுப் பந்தயத்துக்கென்று செய்த வண்டியே அல்ல அது. ஆனால் அதை ஓட்டுகிறவருக்கு எந்த இடத்தில் ஆக்சிலேட்டரைக் குறைக்க வேண்டும், எந்த இடத்தில் மனைவியை இறங்கி நடக்கச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. குமரி மாவட்டத்தின் முதல் டர்ட் பைக் ஓட்டிகள் இவர்கள்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இப்போது அடுத்த தலைமுறை வேறு வண்டிகளோடு வந்திருக்கிறது. 2016-இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்தது. 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. எக்ஸ்பல்ஸுக்கு முன்சக்கரம் 21 இன்ச், பின்சக்கரம் 18 இன்ச், தரையிலிருந்து அடிப்பாகம் 220 மில்லிமீட்டர் உயரம். கல்லும் கட்டியுமான பாதைக்கென்றே செய்த வண்டி, அதுவும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிற விலையில். வெளிநாட்டிலிருந்து ஊர் வரும் அப்பாக்களும், ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களும் இதை வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்னே போக, பிள்ளைகள் முறை வைத்து ஓட்டிப் பார்க்கிற காட்சி திருவட்டாறு, குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் புதிதல்ல.

இது நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன். ரீல்ஸ் பார்த்துவிட்டு நாற்கர சாலையில் வண்டியைப் பறக்கவிடும் பிள்ளையைவிட, அப்பா பக்கத்தில் நிற்க, மண்ணில் விழுந்து எழுந்து பழகும் பிள்ளைக்கு வண்டியின் பலமும் தெரியும், தன் பலவீனமும் தெரியும். ஆனால் பல வீடுகளில் முதலில் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்பேனர் கைக்கு வருவதே இல்லை. இந்த வரிசை மாற வேண்டும்.

நம் மாவட்டத்தில் வண்டி படும் பாடு மற்ற ஊர்களில் படுவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. இரண்டிலும் நனைகிற மாவட்டம் இது. மேற்கே முட்டம், குளச்சல், கடியப்பட்டணம் என்று கடலோரம் முழுக்க உப்புக் காற்று. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்த இரும்பு வெகு வேகமாகத் துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் நிற்கும் வண்டிகளில் ஸ்போக்ஸ் கம்பியின் நிப்பிளையும் சைலன்சரின் அடிவயிற்றையும் குனிந்து பாருங்கள். உள்நாட்டில் இருக்கும் அதே வயது வண்டியோடு ஒப்பிடவே முடியாது. மலைப்பக்கம் போனால் உப்புக்குப் பதில் செம்மண். மழையில் சேறாக ஒட்டும், வெயிலில் மாவுத்தூளாகப் பறந்து ஏர் ஃபில்டரை அடைக்கும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் என்று அட்டையில் எழுதியிருப்பது சாதாரணச் சாலையில் ஓடும் வண்டிக்கு. சேற்றிலும் உப்பிலும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தாது. அதனால்தான் இங்கே வீட்டிலேயே வண்டி பார்க்கத் தெரிந்திருப்பது கட்டாயம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், செயினிலிருந்து என்பேன். அதில் மறைவு எதுவும் இல்லை, கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், தப்பினால் உடனே தெரியும்.

திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் பார்த்தது இது. வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் பழைய டூத் பிரஷ்ஷும் மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டையுமாக உட்கார்ந்திருக்கிறாள். அப்பா திண்ணையிலிருந்து கேட்கிறார்: "மக்ளே, எஞ்சின் ஆஃப்தானா?"

"சாவி உங்க பாக்கெட்டுலல்லா கெடக்கு."

"பின்ன சரி. பைய கையால உருட்டு. கியரு போட்டுச் சக்கரத்தைச் சுத்த விடப்பிடாது, கேட்டியா?"

அந்தக் கடைசி வரியை எழுதி ஒட்டிவைக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுழலும் செயினில் துணியை வைத்துத் துடைக்கிற பழக்கம் நம்மூரில் உண்டு. துணி செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் சிக்கினால் விரலை எடுக்க நேரமே இருக்காது. சாரம் கட்டிக்கொண்டும், துப்பட்டாவைத் தொங்கவிட்டுக்கொண்டும் செயின் பக்கம் உட்காரவே கூடாது. வேலை நடக்கும்போது சாவி வண்டியில் இருக்கக் கூடாது, பெரியவர் பையில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் இருந்த இந்த ஒரு விதியே போதும், பாதி விபத்து குறையும்.

மகள் செய்த வேலையின் ஒழுங்கு அழகாக இருந்தது. பின்சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டிப் பிரஷ்ஷால் கறுப்புப் பிசுக்கை இளக்கினாள். பழந்துணியால் துடைத்தாள். செயின் காய்ந்ததும், கீழ்ப்பகுதியின் உள்பக்கமாக கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். உள்பக்கம் விட்டால்தான் சக்கரம் சுழலும்போது ஆயில் வெளிநோக்கிப் பரவி கண்ணிக்குள் இறங்கும். பிறகு மேலே வழிந்ததை ஒரு துணியால் நன்றாக ஒற்றி எடுத்தாள். இதைத்தான் பலர் செய்வதில்லை. ஈரம் மினுங்க மினுங்க ஆயில் விட்டால் வண்டிக்கு நல்லது என்று நினைக்கிறோம். அந்த ஈரத்தில் செம்மண் ஒட்டி, செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் அரம் போல அராவிவிடும். புதுவகை வண்டிகளின் செயினில் கண்ணிக்குக் கண்ணி சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அதற்குப் பெட்ரோல் ஆகாது, இரும்புப் பிரஷ்ஷும் ஆகாது.

அடுத்தது தொய்வு. இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே, செயினின் கீழ்ப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண வண்டிகளில் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கும். மேடு பள்ளத்தில் ஓடும் வண்டிகளுக்கு, பின்பக்க சஸ்பென்ஷன் அதிகம் இறங்கி ஏறுவதால், கொஞ்சம் கூடுதல் தொய்வு வேண்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. சக்கரத்தை உருட்டி மூன்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தேயாது. ஆக்ஸில் நட்டை இளக்கி முறுக்கினால், இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணிக்கொள்ளும். லாக் உள்ள செயினில் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் கல்லோ கம்போ பட்டுக் கழன்று போக வாய்ப்பு அதிகம்.

மற்றவை இதைவிட எளிது. ஏர் ஃபில்டர் பஞ்சு வகையென்றால் கழுவி, பிழியாமல் அமுக்கி நீரை எடுத்து, காயவைத்து, ஆயில் தொட்டுப் போட வேண்டும். காகித வகையென்றால் தட்டித் தூசு எடுப்பதோடு சரி, தண்ணீர் படக் கூடாது. பிளக்கைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைப் பார்த்தாலே எஞ்சினின் சேதி தெரியும்: இளம்பழுப்பு என்றால் நலம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு அல்லது அதிகச் சூடு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அதில் வீட்டில் கைவைக்காமல் இருப்பது நல்லது. ஆனால் செயின், பிரேக், கேபிள், காற்று, ஆயில் ஐந்தும் அன்றும் இன்றும் ஒன்றேதான். ஓடையைக் கடந்து வந்த வண்டி என்றால் ஆயிலை அவசியம் பாருங்கள். பால் கலந்த தேயிலை நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

மாற்றிய பழைய ஆயிலை எங்கே ஊற்றுவது? நம் வீடுகளில் கிணறு இருக்கிறது. பத்தடி தூரத்தில் தென்னை மூட்டில் ஊற்றிய கருப்பு ஆயில் மழைக்குப் பிறகு எங்கே போகும் என்று யோசிக்க வேண்டும். கேனில் சேர்த்துவைத்து ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். பழைய ஆயிலை வாங்கிப் போக ஆட்கள் அங்கே வருவார்கள். குளத்துக்கரையில் வண்டி கழுவுவதையும் இதோடு சேர்த்து நிறுத்த வேண்டும்.

எங்கே ஓட்டுவது என்ற கேள்விதான் இன்னும் கனமானது. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. யானையும் புலியும் நடமாடும் காடு. காளிகேசம் தாண்டி மேலே ஒரு பாதை தெரிகிறதென்று வண்டியை விட்டால் அது வீரம் அல்ல, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1984-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் அரசு நிலம்தான், அனுமதி இல்லாமல் உள்ளே ஓட்ட முடியாது. கடற்கரை மணலும் வேண்டாம். சித்திரை, வைகாசியில் ஆமை முட்டை இருக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, வண்டிக்கும் உப்பு.

அப்படியானால் மிச்சமிருப்பது சொந்த நிலம், அல்லது சொந்தக்காரரின் நிலம். கும்பப்பூ அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும் வயல் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். விழுந்தாலும் மண்தான், வரப்புக்கு வரப்பு எல்லையும் உண்டு. ரப்பர் தோட்டத்தில் தை, மாசியில் இலை உதிர்ந்து கிடக்கும்போது கவனம் வேண்டும். இலைக்கு அடியில் வேரும் கல்லும் மறைந்திருக்கும், காய்ந்த இலை வழுக்கும். சரலில் இறங்கும்போது முன்பிரேக்கை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கைக் கவ்வி, கண்ணைச் சக்கரத்தில் வைக்காமல் பத்தடி முன்னால் வைப்பது என்ற ஒரே பாடத்தை ஒரு மாதம் படித்தாலும் தகும்.

சட்டத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பொது இடத்தில் கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் 16. உரிமம் இல்லாத சிறுவர் ரோட்டில் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும் பிடிக்கும். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தோட்டத்தின் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஒரு ஃபர்லாங் என்றாலும் இதே கணக்குத்தான். வண்டியை ரோட்டில் கொண்டுபோவது பெரியவரின் வேலை. சின்னக் குழந்தையைப் பின்னால் வைத்துப் போவோருக்கும் 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

மற்ற நாடுகளில் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். யமஹா பிடபிள்யூ50 என்ற குழந்தைகள் வண்டி 1980-களின் தொடக்கத்திலிருந்து வெளிவருகிறது. கியர் கிடையாது, விரல் சிக்கும் செயின் கிடையாது, ஆக்சிலேட்டர் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை ஒரு ஸ்க்ரூவால் அப்பாவோ அம்மாவோ முடிவு செய்யலாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடும்பம் குடும்பமாகப் போய் ஓட்டுவதற்கு மண் தடங்கள் இருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்து ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024 டாகர் ராலியில் மொத்தத்தில் 11-ஆவது இடம் பிடித்து, ராலி 2 பிரிவில் முதலிடமும் பெற்றார். அவர் ஓட்டியது ஓசூரிலிருந்து இயங்கும் டிவிஎஸ் கம்பெனியின் கூட்டணியான ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக. ஷொர்ணூர் மண்ணுக்கும் நம் மண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே மழை, அதே ரப்பர், அதே செம்மண்.

வித்தியாசம் இடத்தில்தான். சொந்தத் தோட்டம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு நம் மாவட்டத்தில் ஓட்டிப் பழக ஓரிடமும் இல்லை. அதனால்தான் அவன் ராத்திரி பைபாஸுக்குப் போகிறான். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையில் ஃபார்முலா 4 பந்தயம் நடக்கத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் துணை நின்றது. அதே ஆணையமும் மாவட்ட நிர்வாகமும் குமரியில் காட்டுக்கும் கடலுக்கும் வயலுக்கும் கேடில்லாத இரண்டு ஏக்கர் புறம்போக்கைக் கண்டுபிடித்து, வேலி கட்டி, ஒரு பயிற்சியாளரையும் ஒரு மெக்கானிக்கையும் அமர்த்தித் தர வேண்டும். தார் வேண்டாம், கேலரி வேண்டாம், மண்ணே போதும். வாசலில் ஒரே ஒரு நிபந்தனை வைக்கட்டும்: தன் வண்டியின் செயினைத் தானே துடைத்து, தொய்வு பார்த்துக் காட்டுகிற பிள்ளைக்கு மட்டும் உள்ளே அனுமதி.