‘டிப்ரஷன்’ என்று ஒரு சொல் எழுதினால் போதாது

அமெரிக்க டாக்டர்கள் எழுதும் நோயாளிக் குறிப்புகளில் பல சென்னை, கோவை, திருச்சியில் உள்ள மெடிக்கல் கோடர்களின் திரைக்கு வருகின்றன. நோயை இன்சூரன்ஸுக்கான குறியீடாக்குவது அவர்கள் வேலை. எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. கடும் மனச்சோர்வுக்கு டாக்டரின் எழுத்துதான் ஆதாரம்.

அமெரிக்காவில் புழங்கும் ஐ.சி.டி-10-சி.எம் நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் முதல் முறை வரும் மனச்சோர்வு எஃப்32. திரும்பத் திரும்ப வந்தால் எஃப்33. புள்ளிக்குப் பின்வரும் எண் கடுமையைச் சொல்லும். எஃப்32.2 என்றால் கடுமையானது, ஆனால் மனப்பிறழ்வு அறிகுறிகள் இல்லை. இல்லாத குரல் கேட்பது போன்றவை சேர்ந்தால் எஃப்32.3. வெறுமனே ‘டிப்ரஷன்’ என்றிருந்தால் 2021 அக்டோபரில் வந்த எஃப்32.ஏ. படுக்கையை விட்டே எழ முடியாதவரும் லேசாக மனம் சோர்ந்தவரும் அந்தக் குறியீட்டில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

ஒரு குறிப்பைப் பார்ப்போம். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் மதிப்பெண் 22. ஒன்பது கேள்விகள், மொத்தம் 27. இருபதும் அதற்கு மேலும் கடுமை. ஆனால் டாக்டரின் முடிவில் “டிப்ரஷன், செர்ட்ராலின் தொடரவும்” என்று ஒரே வரி. கோடர் எஃப்32.2 போடலாமா? கூடாது. மதிப்பெண்ணை வைத்து நோயைத் தீர்மானிக்கும் உரிமை கோடருக்கு இல்லை. அவர் டாக்டருக்கு ‘கொயரி’ அனுப்பலாம். அதிலும் “கடுமையானதுதானே?” என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது, குறிப்பில் உள்ளதைக் காட்டி, வகையும் கடுமையும் என்ன என்றுதான் கேட்க வேண்டும்.

இதில் பணமும் இருக்கிறது. அமெரிக்காவின் மெடிகேர் அட்வான்டேஜ் காப்பீட்டுத் திட்டத்தில் நோயின் கடுமையைப் பார்த்தே காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு தரும் தொகை கூடுகிறது. 2024 முதல் படிப்படியாக வந்த கணக்கில் லேசான மனச்சோர்வுக்குக் கூடுதல் தொகை கிடையாது. நடுத்தரமும் கடுமையும் மட்டுமே சேரும். ஏற்றிப் போடும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. ஆதாரமின்றி ‘கடுமை’ என்று போடுவது மோசடி. ஆதாரம் இருந்தும் விட்டுவிடுவதும் சிறிய தவறல்ல. நோயாளிக்குத் தேவைப்படும் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் ஒப்புதல் மறுக்க அது இடம் கொடுத்துவிடும்.

பி.எச்.க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் பற்றியது. தற்கொலை எண்ணம் இருப்பதாக டாக்டர் எழுதியிருந்தால் ஆர்45.851 தனியாகச் சேர வேண்டும். நாளின் டார்கெட் எவ்வளவு நெருக்கினாலும், கோடர்களே, அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள்.