கொரிய மண்ணில் ஆங்கில ஆசிரியர்

கொரியா என்னும் பெயர் விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்களுக்குப் புதியதன்று. இங்கிருந்து சில மணிநேரப் பயணத் தொலைவில், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 1998 முதல் மகிழுந்துகளை உருவாக்கி வருகிறது. கொரியர் இங்கு வந்து தொழில் நடத்துவதை நாம் அறிவோம். இங்கிருந்து ஒருவர் அங்குச் சென்று ஆங்கிலம் கற்பிக்க இயலும் என்பதை அறிந்தோர் சிலரே. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா முதலான ஏழு நாடுகளின் குடிமக்களையே தென்கொரிய அரசு அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்களாக ஏற்று வந்தது. இந்தியாவும் தென்கொரியாவும் 2009 ஆகஸ்டில் கையெழுத்திட்ட விரிவான பொருளாதார ஒப்பந்தம் 2010 சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தபோது, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் பெற்ற இந்தியர் அந்நாட்டுப் பள்ளிகளில் துணை ஆசிரியராகப் பணியாற்ற வழி பிறந்தது. எனினும், ஒரு மொழியைத் தாய்மொழியாகப் பெற்றவரே அதனைக் கற்பிக்கத் தக்கவர் என்னும் எண்ணம் அங்கு வலிமையாகவே உள்ளது. தமிழ்வழியில் பயின்று, முயன்று ஆங்கிலம் கற்ற ஒருவர் அவ்வெண்ணத்தை எதிர்கொண்டே வகுப்பறைக்குள் நுழைய வேண்டும்.

வகுப்பறைக்கு முன்னர் வாழ்க்கை. அயல்நாட்டவர் நெடுநாள் தங்குவதாயின், வந்திறங்கிய 90 நாள்களுக்குள் தம்மைப் பதிவு செய்து அடையாள அட்டை பெறுதல் வேண்டும். கல்வியாண்டு மார்ச்சு மாதம் தொடங்குகிறது. மார்கழிப் பனியையே குளிரென்று கொண்ட நமக்கு, சுழியத்திற்குக் கீழே பத்துப் பாகை வரை இறங்கும் சியோல் நகரத்துக் குளிர்காலம் பெரும் சோதனையே. ஆயினும் வீட்டிற்குள் அச்சமில்லை. தரைக்கு அடியில் வெப்பத்தைச் செலுத்தும் ‘ஒந்தொல்’ என்னும் பழைய முறை இன்று வெந்நீர்க் குழாய்களாக உருமாறி, அடுக்குமாடி வீடுகளிலும் தொடர்கிறது. காலணியை வாயிலில் கழற்றுவதற்கும் தரையில் அமர்ந்து உண்பதற்கும் நம்மவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உணவில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு வேளையும் இலையில் ஊறுகாய்போல் வந்து அமரும் கிம்ச்சி, முட்டைக்கோசு வகையொன்றை உப்பிலிட்டு, மிளகாய்த்தூள் சேர்த்துப் புளிக்கவைத்தது. மரக்காணத்து உப்பளங்களைக் கண்டு வளர்ந்தவருக்கு அதன் சுவை எளிதில் பிடித்துப்போகும். ஆனால், அதில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன்சாறோ கலந்திருக்கும் என்பதைப் புலால் உண்ணாதோர் அறிந்திருத்தல் நலம்.

பள்ளியில் ஆசிரியரைச் ‘சொன்செங்நிம்’ என்று அழைத்து மாணவர் தலைதாழ்த்தி வணங்குவர். பெரியோரிடம் ஒரு பொருளைக் கொடுப்பதும் பெறுவதும் இரு கைகளாலேயே. உடன் நிற்கும் கொரிய ஆசிரியரே பாடத்திற்குப் பொறுப்பாளர். அயல்நாட்டவர் பேச்சுக்கும் கேட்டலுக்கும் துணைநிற்பவர். ஆங்கிலத்திற்கு அந்நாடு தரும் இடத்தை ஒரு நிகழ்வால் அறியலாம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நடைபெறும் கல்லூரி நுழைவுத் தேர்வில், ஆங்கிலம் கேட்டு விடையளிக்கும் பகுதியின்போது, நாடெங்கும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. அத்தகைய நெருக்கடியில் இருக்கும் மாணவர் பிழைக்கு அஞ்சி வாய்திறக்கத் தயங்குவது இயல்பே.

இங்குதான் தமிழாசிரியர் மகனோ உழவர் மகளோ, முயன்று ஆங்கிலம் கற்ற எவரோ, தம் இளமைக்காலத்தை எதிரில் அமர்ந்திருக்கக் காண்கிறார். கொரிய மாணவர் ‘பஸ்’ என்பதைப் ‘பொஸு’ என்கிறார். நம் வீட்டில் அது ‘பஸ்ஸு’. ‘கேக்’ என்பது அவருக்குக் ‘கெய்க்கு’, நமக்குக் ‘கேக்கு’. மெய்யெழுத்தில் சொல்லை முடிக்க இயலாதபோது கொரியர் சேர்க்கும் ஒலி, உதடு குவியாத உகரம். குற்றியலுகரம் படித்த பதினொன்றாம் வகுப்பு மாணவர் அதனை உடனே இனங்காண்பர். காபிக்கு அங்கும் பகர ஒலியே. ஆங்கிலத்தின் உதட்டுப்பல் ஒலி இரு மொழிக்கும் இயல்பானதன்று. தமிழில் ‘பால்’ என்பதிலும் ‘தம்பி’ என்பதிலும் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. கொரியத்தில் சோற்றைக் குறிக்கும் ‘பாப்’ என்பதன் முதலெழுத்தும் படிப்பைக் குறிக்கும் ‘கொங்பு’ என்பதன் இறுதியசையிலுள்ள மெய்யும் அவ்வாறே. ஆங்கிலத்தைப் பிறப்பிலேயே பெற்றவருக்கு இவை புரியாத பிழைகள். நமக்கோ நாம் நடந்துவந்த வழி.

தொடரமைப்பிலும் இவ்வுறவைக் காணலாம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை இரண்டிற்கும் பொது. உருபுகள் பெயருக்குப் பின்னரே ஒட்டும். ஆங்கிலச் சுட்டிடைச் சொற்கள் இரண்டிலும் இல்லை. நெல்லுக்குப் ‘பியொ’, அரிசிக்குச் ‘சல்’, சோற்றுக்குப் ‘பாப்’ எனக் கொரியமும் மூன்று பெயர் வைத்துள்ளது. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் ஏன் போதவில்லை என்று கேட்கும் மாணவரின் ஐயம், வயல்சூழ்ந்த ஊரிலிருந்து சென்றவருக்கு விளங்கும்.

இவ்வொற்றுமையைக் கண்டு வியந்தவரும் ஓர் ஆங்கில ஆசிரியரே. அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட், கொரிய மன்னர் கொஜொங் நிறுவிய பள்ளியில் கற்பிக்க 1886ஆம் ஆண்டு, தம் 23ஆம் வயதில் சியோலுக்கு வந்தார். உயர்குடியினர் சீன எழுத்தையே போற்றி, 1446இல் செஜொங் மன்னர் மக்களுக்கு அறிவித்த ஹங்குல் எழுத்தை இகழ்ந்திருந்த காலம் அது. ஹல்பர்ட் அவ்வெழுத்தை விரைந்து கற்று, சில ஆண்டுகளிலேயே ஹங்குலில் உலக நிலநூல் பாடப்புத்தகம் ஒன்றை எழுதினார். பின்னர்க் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூலொன்றும் படைத்தார். இரண்டும் ஒரே குடும்பம் என்னும் அவர் கருத்தை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ‘அப்பா’ போன்ற சொல்லொற்றுமைகளை மட்டும் கொண்டு உறவு பேசுவது முறையுமன்று. ஆயினும் கற்பிக்க வந்தவர் முதலில் கற்றார் என்பதில் ஐயமில்லை. கொரியாவின் உரிமைக்காகக் குரல் கொடுத்தமையால் 1907க்குப் பின் அங்கு வாழ இயலாது வெளியேறிய அவர், 1949இல் திரும்பி வந்த சில நாள்களிலேயே மறைந்து, சியோலின் யாங்வாஜின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒற்றுமை எல்லா இடத்தும் கைகொடுக்காது. ரகர லகர ஒலிகளுக்குக் கொரியத்தில் எழுத்து ஒன்றே. லகரம், ளகரம், ழகரம் எனப் பிரித்தொலிக்கும் தமிழருக்கு அங்குள்ள மாணவரின் இடர் எளிதில் புலப்படாது. அதனை உணர அவர் ஹங்குல் எழுத்துகளைத் தாமே எழுதியும் ஒலித்தும் பழக வேண்டும். பெரும்பாலும் அதற்கு ஆசிரியராய் அமைவோர் அவர்தம் மாணவரே.