பால் மறந்த முயற்குட்டிகளுக்குத் தீனி

முயல் வளர்க்கும் வீடுகளில் குட்டிகள் அதிகம் சாவது தாயை விட்டுப் பிரித்த பின் வரும் இரண்டொரு வாரங்களிலேயாகும். நேற்றுவரை துள்ளிய குட்டி தீனியைத் தொடாது மூலையில் ஒடுங்கும். மறுநாள் வயிறு ஊதி, வயிற்றோட்டத்துடன் கிடக்கும். கடன்பட்டு ஒரு சோடி முயலுடன் தொடங்கிய குடும்பத்துக்கு அந்த முதல் ஈற்றுக் குட்டிகளே கடனடைக்கும் வழி. கண்ணூறு என்று சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் காரணம் தீனிப் பாத்திரத்திலேயே இருக்கிறது.

முயலின் வயிறு ஆட்டின் வயிறு போன்றதன்று. இலைகுழையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் இடம் அதற்குக் குடலின் பிற்பகுதியில், குருட்டுக்குடலில் உள்ளது. அங்கே உண்டாகும் மென்மையான எச்சத்தை முயல் இரவிலும் அதிகாலையிலும் தானே வாயால் எடுத்துத் தின்னும். இது நோயன்று, அதன் சத்தில் ஒரு பங்கு இப்படித்தான் கிடைக்கிறது. குட்டி ஏறக்குறைய மூன்று வாரம்வரை பாலிலேயே வாழ்ந்து, பின்னரே குழை கடிக்கத் தொடங்கும். செரிப்புக்கு உதவும் நுண்ணுயிர்கள் அதன் குடலில் மெல்ல மெல்லவே நிலைகொள்ளும். விரைவில் நிறை ஏறட்டும் என்று இந்த வேளையில் குருணலும் பாணும் சோறும் கொடுத்தால், செரியாத மாப்பொருள் பின்குடலுக்குச் சென்று தீய கிருமிகளைப் பெருக்கி நஞ்சாகிறது. நார்ப்பொருள் நிறைந்த தீனியே குடலை ஓடவைக்கும்.

ஆகவே ஆறு வாரம்வரை தாயுடன் விடுவது நல்லது. நான்கு, ஐந்து வாரத்தில் பிரிக்கும் பெரும் பண்ணைகளில் அதற்கென்றே தயாரித்த தீவனம் உண்டு, நம்மிடம் இல்லை. பிரிக்கும்போது தாயை வேறு கூட்டுக்கு மாற்றி, குட்டிகளைப் பழகிய கூட்டிலேயே விடவேண்டும். தீனியையும் இரண்டு வாரம் மாற்றக்கூடாது. புதிய தீனியைப் பழையதுடன் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றலாம்.

2022இன் நெருக்கடியில் கடைத்தீவனம் எட்டாத விலைக்குப் போனபோது வேலியும் தோட்டமுமே கைகொடுத்தன. முள்முருக்கங் குழை, முருங்கையிலை, வற்றாளைக் கொடி, கச்சான் கொடி, அறுகம்புல் யாவும் ஏற்றவை. இபில்இபில் இலையைச் சிறிதளவே கலக்கவேண்டும்; மிஞ்சினால் மயிர் உதிரும். பச்சை மரவள்ளியிலை ஆகாது. மருந்தடித்த வெங்காய, மிளகாய்த் தோட்டத்துக் களையைக் கொண்டுவந்து போடுவதிலும் பார்க்க அன்று தீனி குறைவாகப் போடுவது மேல். மாரியில் நனைந்த புல்லை ஒரு வேளை வாடவிட்டே கொடுக்கவேண்டும்.

நிறையைக் கண்ணால் மதிப்பிட முடியாது. கிழமைக்கொரு முறை, ஒரே நாளில், காலைத் தீனிக்கு முன் குட்டியை உமலில் இட்டு விற்றராசில் தூக்கிக் கொப்பியில் குறித்தல் வேண்டும். குழையை நம்பி வளரும் குட்டி வெப்ப நாடுகளில் நாளுக்கு 10 முதல் 20 கிராம் கூடுவது வழமை. ஐரோப்பியப் பண்ணைகளில் 35, 40 கிராம் என்று படித்து மனம் தளரவேண்டியதில்லை. அது வேறு தீவனம், வேறு காலநிலை. ஒரு கிழமை நிறை நின்றுவிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை. வயிற்றோட்டம் பின்னரே வரும்.

சித்திரை, வைகாசி வெக்கையில் நிறை குறைவாகவே ஏறும். முயலுக்கு வியர்த்து ஆறும் வழி இல்லை; 30 பாகை செல்சியசுக்கு மேற்போனால் தின்பதைக் குறைத்துவிடும். பெரும்பங்குத் தீனியை மாலை ஆறு மணிக்குப் பின் வைத்தால் இரவில் தின்னும். கூட்டுக்கு மேல் கிடுகு வேய்ந்து, தண்ணீரை மண்சட்டியில் வைத்து இரு வேளை மாற்றவேண்டும்.

விவசாயக் கண்காட்சிக்கென நியூசிலாந்து வெள்ளை இனக் குட்டிகளை வளர்ப்போர், கடைசி வாரத்தில் தானியம் திணித்து நிறை ஏற்ற முயல்வதுண்டு. நடுவர் தராசை மட்டும் பார்ப்பதில்லை. முதுகைத் தடவிப் பார்ப்பார். முள்ளந்தண்டு துருத்தி நின்றால் மெலிவு, கைக்கே தென்படாவிட்டால் கொழுப்பு. இறைச்சி இறுகி, எலும்பு மெல்லத் தட்டுப்படுவதே நல்ல உடல். தானியம் கொடுப்பதாயின் மூன்று மாதத்துக்குப் பிறகு, ஒரு கைப்பிடிக்கு மேற்படாமல், குழை தின்று முடித்த பின்னரே கொடுக்கவேண்டும்.