பீமன் வண்டியும் ஃப்ளாஷ் மாப்பும்

மழை பொய்த்த வருஷத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மழைச்சோறு எடுப்பார்கள். பெண்கள் கூட்டமாக வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு வாங்குவார்கள். வசதியான வீட்டுப் பெண்ணும் அன்றைக்குக் கையேந்துவாள். வாங்கிய சோற்றை ஒன்றாகக் கலந்து பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இனி இந்த ஊரில் பிழைக்க வழியில்லை, ஊரைவிட்டே போகிறோம் என்று ஒப்பாரி வைத்துக்கொண்டு எல்லை நோக்கி நடப்பார்கள். யாரும் போய்விட மாட்டார்கள் என்பது போகிறவர்களுக்கும் தெரியும், போகாதே என்று மறிக்கிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அழுகை அழுகையாகவே இருக்கும். கொடும்பாவி இழுப்பது இதற்கு அண்ணன் முறை. வைக்கோலால் ஒரு உருவம் கட்டி, கயிற்றில் பிணைத்துத் தெருவெல்லாம் இழுத்துப்போவார்கள். ஆண்கள் சேலை சுற்றிக்கொண்டு மாரடிப்பார்கள். பறை முழங்கும். கடைசியில் இழவு வீட்டுக்குரிய அத்தனை சடங்கும் செய்து ஊர் எல்லையில் எரிப்பார்கள்.

கடலூர், விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் இதே குணம் இன்னும் பெரிதாக வெளிப்படும். பகாசூரன் கதை வருகிற நாளில் கூத்து இரவு வரை காத்திருக்காது. பீமன் வேஷம் கட்டியவர் பகலிலேயே மாட்டுவண்டியில் ஏறிவிடுவார். வண்டி தெருத்தெருவாகப் போக, வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் பழமும் கொண்டுவந்து வைப்பார்கள். அசுரனுக்குப் போகவேண்டிய சாப்பாட்டைப் பீமன் வழியிலேயே தின்றுவிடுவான் என்பது கதை. படுகளத்தன்று மைதானத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஓர் ஆளைப்போலப் பல மடங்கு நீளத்தில். அந்த உருவத்தின்மேல் துரியோதன வேஷக்காரர் ஏறி ஓடுவார், பீமன் கதாயுதத்தோடு துரத்துவார், ஊரே சுற்றி நின்று கத்தும். தொடையில் அடி விழுந்ததும் உள்ளே புதைத்த பானை உடைந்து சிவப்பு நீர் கொப்பளிக்கும்.

இவை எதிலும் பார்வையாளர் என்று தனியாக ஒருவர் கிடையாது என்பதுதான் எனக்கு முக்கியம். சோறு போடுகிறவர், மறிக்கிறவர், மாரடிக்கிறவர் எல்லாருக்கும் அதில் ஒரு வேலை உண்டு. அந்தக் காலத்தைப் பொன்னாக்கிக் காட்டவும் எனக்கு மனமில்லை. பறை அடித்தவர்களின் தெருவுக்குள் பல ஊர்களில் அந்த வண்டி போனதில்லை. ஊருக்குப் பாவம் சேர்த்தவளென்று இழுக்கப்பட்ட உருவம் பெரும்பாலும் பெண்ணாகவே இருந்தது. ஊரே சேர்ந்த விளையாட்டு என்று சொல்லும்போது இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்படிக் கூத்து வேரோடிய மண்ணில்தான் நெய்வேலி எழுந்தது. 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி அகற்றி 1961-இல் பழுப்பு நிலக்கரியைத் தொட்டார்கள். கிராமங்கள் எழுந்து இடம் மாறின. அவற்றின் பக்கத்தில் எண் போட்ட வட்டங்களாக, நேர்கோட்டுச் சாலைகளோடு ஒரு நகரியம் வந்தது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும், கேரளம், ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் எந்த வீட்டில் குடியிருப்பார் என்பதைச் சாதி தீர்மானிக்கவில்லை, பதவி தீர்மானித்தது. அதுவும் ஒரு ஏற்றத்தாழ்வுதான். ஆனால் குவார்ட்டர்ஸ் வாசலில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தைத்தான் துரத்தினார்கள்.

பீமன் வண்டி இந்த வட்டங்களுக்குள் வரவில்லை. அதன் இடத்தில் சின்னச் சின்னக் குறும்புகள் முளைத்தன. ஏப்ரல் ஒன்றாம் தேதியைச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டிய முகத்தில் பிளேடால் ஏப்ரல் ஃபூலின் ஆங்கில முதலெழுத்துகளான ஏ, எஃப் இரண்டையும் செதுக்கி, பேனா இங்க் தடவி, முன்னால் போகிறவன் வெள்ளைச் சட்டை முதுகில் ஒரே அழுத்து. எழுத்து சட்டையில் நேராக விழவேண்டுமென்றால் கிழங்கில் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்க வேண்டும், வரிசையையும் மாற்ற வேண்டும். அது கைவந்தவனுக்கு வகுப்பில் தனி மரியாதை. நாணயத்தின் அடியில் ஆணியைப் பற்றவைத்துத் தார்ச்சாலையில் அடித்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிவது இன்னொன்று. வெல்டர்கள் நிறைந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. குனிந்து ஏமாறுகிறவர் திரும்பிப் பார்த்ததுமே யார் பையன் என்று கண்டுபிடித்துவிடுவார். எந்த வட்டம், அப்பா எந்த ஷிப்ட் என்பது வரை அவருக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் குறும்புக்கு எல்லை போட்டது. வரம்பு மீறினால் செய்தி சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்விடும்.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் வரும். தமிழ்நாட்டில் தேவாலயம் உள்ள எந்த ஊரும் இதை அறியும். நடு ராத்திரியில் டிரம் சத்தம், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், சிவப்பு உடை, பஞ்சுத் தாடி, பிளாஸ்டிக் முகமூடியோடு கிறிஸ்துமஸ் தாத்தா. அவர் ஆடுகிற ஆட்டம் வட துருவத்து ஆட்டமாக இருக்காது, நம்மூர் சாவுக்கூத்து அடிக்கு நெருங்கியதாக இருக்கும். தூக்கம் கலைந்த பிள்ளைகள் முதலில் அலறுவார்கள், பிறகு நடையையும் தோள் அசைவையும் வைத்து உள்ளே இருப்பது எந்த மாமா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நைட் ஷிப்டுக்குப் போகவேண்டியவர் வேஷம் மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடுவார், அடுத்த தெருவில் தாத்தா திடீரென்று குள்ளமாகியிருப்பார். வேற்று மத வீட்டுக்காரர்களும் கதவைத் திறந்து முறுக்கும் டீயும் கொடுப்பார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ககோஃபனி சொசைட்டி என்ற குழு 1994-இல் கிறிஸ்துமஸ் தாத்தா உடையில் கும்பலாகத் தெருவில் இறங்கியது. அது பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நகரத்தின் இறுக்கத்தைக் கலைக்க அவர்கள் யோசித்துச் செய்ததை, நம் தெருக்கள் பக்தியோடு சேர்த்து வருஷா வருஷம் செய்துகொண்டிருந்தன.

ஃப்ளாஷ் மாப் என்ற பெயர் உலகத்துக்கு வந்தது 2003-இல். அந்த ஜூன் மாதம் நியூயார்க்கின் மேசிஸ் கடையில், கம்பளம் விற்கும் பகுதிக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வந்து நின்று, நாங்கள் எல்லாரும் ஒரே கிடங்கில் சேர்ந்து வாழ்கிறோம், எங்களுக்கு ஒரு காதல் கம்பளம் வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கலைந்தார்கள். ஏற்பாடு செய்தவர் பத்திரிகையாளர் பில் வாசிக். நான்கே மாதத்தில், அக்டோபர் 4 அன்று, மும்பை கிராஸ்ரோட்ஸ் மாலில் ஒரு கும்பல் பங்குச் சந்தைத் தரகர்களைப்போலக் கத்தியது, கர்பா ஆடியது, உறைந்து நின்றது, குடைகளை விரித்தது, வெளியேறியது. அந்தக் கூட்டங்களில் கோரிக்கை இல்லை, பேனர் இல்லை, பரிசு இல்லை. மும்பைக் காவல்துறை பிறகு இவற்றுக்குத் தடை போட்டது. காரணமில்லாமல் கூடுகிற கூட்டத்தைக் கண்டு அதிகாரம் இவ்வளவு பதறுவது எனக்கு இன்றும் வியப்புத்தான். கோரிக்கையோடு கூடினால் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடலாம். ஒன்றுமே கேட்காதவர்களை என்ன செய்வது?

2011 நவம்பரில் மும்பை சத்ரபதி சிவாஜி டெர்மினஸில் சுமார் இருநூறு பேர் 'ரங் தே பசந்தி' பாட்டுக்கு ஆடினார்கள். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. அதற்குப் பிறகு நம் ஊர்களில் ஃப்ளாஷ் மாப் என்றால் நடனம் என்றே ஆகிப்போனது. இப்போது தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் நடப்பதைப் பாருங்கள். ஒரே நிற டிஷர்ட் போட்ட கல்லூரி மாணவர்கள், முன்கூட்டியே இறக்கிவைத்த ஸ்பீக்கர், வாக்காளர் விழிப்புணர்வு அல்லது தலைக்கவச விழிப்புணர்வு என்று ஒரு பேனர், போக்குவரத்தை நிறுத்திப் பிடித்திருக்கும் காவலர். பிள்ளைகள் நன்றாகவே ஆடுகிறார்கள், பல நாள் ஒத்திகை தெரிகிறது. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பையைக் காலிடுக்கில் வைத்துவிட்டு போனைத் தூக்கிப் பிடிப்பதோடு அவர் பங்கு முடிந்தது.

யூட்யூப் பிராங்க் வீடியோக்களில் வழிப்போக்கருக்குக் கிடைப்பது அதைவிடக் கீழான இடம். பூங்காவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் முன்பின் தெரியாதவன் வந்து பேசுகிறான், அவள் திகைக்கிறாள், அந்தத் திகைப்பைத்தான் லட்சம் பேர் பார்க்கிறார்கள். 2019 ஏப்ரலில் டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை விதித்த உத்தரவில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இத்தகைய பிராங்க் நிகழ்ச்சிகளையும் கவலையோடு குறிப்பிட்டது. அந்த இடைக்காலத் தடை அதே மாதம் விலகியது. பிராங்க் பற்றிய கவலை நியாயமானது, அது விலகவில்லை. தார்ச்சாலை நாணயத்துக்குக் குனிந்தவர் பையனின் காதைத் திருகலாம். வீடியோவில் சிக்கியவருக்கு அந்த வழியும் இல்லை.

நெய்வேலிக்கே அண்மைக் காலத்தில் கிடைத்த பெரிய கூட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. 'மாஸ்டர்' படப்பிடிப்பு சுரங்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது வருமான வரித்துறை விஜய்யை அழைத்துப்போனது. அவர் திரும்பி வந்ததும் ரசிகர்கள் வாசலில் திரண்டுகொண்டே இருந்தார்கள். வண்டிமேல் ஏறி அவர்களைப் பின்னால் வைத்து ஒரு செல்ஃபி எடுத்தார் விஜய், நெய்வேலிக்கு நன்றி சொல்லி ட்விட்டரில் போட்டார். அந்த ஆண்டு இந்தியாவில் அதிகம் மறுபகிர்வு பெற்ற பதிவு அதுதான். அன்று அங்கே இருந்த மகிழ்ச்சி உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உலகம் பார்த்த நெய்வேலியில் அத்தனை முகமும் ஒரு முகத்துக்குப் பின்னணியாக இருந்தது.

கொடும்பாவியின் உண்மையான வாரிசு யார் என்று கேட்டால், செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கங்களில் வரும் நூதனப் போராட்டங்களைக் காட்டுவேன். சேறான சாலையில் நாற்று நடுகிறார்கள், குட்டையாகிப்போன தெருவில் தூண்டில் போடுகிறார்கள், ஆட்சியர் அலுவலக வாசலில் சங்கு ஊதுகிறார்கள். 2017-இல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் 41 நாள் இருந்தார்கள். மண்டை ஓடுகளைக் கழுத்தில் மாட்டினார்கள், எலியை வாயில் கவ்வினார்கள், சேலை கட்டினார்கள், பாதித் தலையை மழித்தார்கள். மாரடித்து வானத்திடம் கேட்டவர்களின் பேரர்கள் தலைநகரத்திடம் கேட்டார்கள். பல டெல்லிக்காரர்களுக்கு அது விசித்திரமாகப் பட்டது. மழைக்காக உப்பில்லாச் சோறு தின்ற ஊர்க்காரர்களுக்கு அந்த மொழி பழகியது. ஒரே வித்தியாசம், இன்றைக்குப் போட்டோகிராஃபர் வரும் வரை நாற்று கையிலேயே காத்திருக்கிறது.

நகரியத்தில் மாறியது போன் மட்டும் இல்லை. 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரோடு நின்றது. நிரந்தரத் தொழிலாளர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும் என்பதால், தெருவின் நடை தெரிந்தவர்கள் வயதானதும் கிளம்பிப்போகிற ஊர் இது. முகமூடிக்குள் யார் என்று கண்டுபிடிக்கப் பத்து இருபது வருஷம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். கேரல் ரவுண்ட்ஸ் இன்றும் வருகிறது, கதவைத் திறக்கிற பிள்ளைகளுக்குத் தாத்தா யாரோ ஒரு தாத்தாதான்.

நகர நிர்வாகத்திடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மாதத்தில் ஒரு சாயங்காலம், ஒரு வட்டத்தின் ஒரு சாலையை, பேனரும் சிறப்பு விருந்தினரும் இல்லாமல், விழிப்புணர்வு எதுவும் ஊட்டாமல், அந்தத் தெருக்காரர்களிடமே விட்டுவிடட்டும். குவார்ட்டர்ஸில் இருக்கிறவர்களோடு ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் மந்தாரக்குப்பத்திலிருந்து வரட்டும். அவர்கள் பின்பக்கமாக நடந்து ஊர்வலம் போகலாம், இல்லாத மாப்பிள்ளைக்கு ஜானவாசம் எடுக்கலாம். செலவு பெரிதாக ஆகாது. சாலைகள் அகலமானவை, மரநிழல் நிறைய உண்டு, டிரம் அடிக்கத் தெரிந்தவர்களில் சிலருக்கு ஓய்வு பெற இன்னும் சில வருஷம் பாக்கி இருக்கிறது.