உஷார்! "மாத்திரையை நிறுத்து" என்பவர் உங்கள் தோழர் அல்ல

எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் யாராவது "அதை நிறுத்திவிடு" என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். சொல்பவர் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கலாம், வாட்ஸ்அப் குழுவின் அட்மினாக இருக்கலாம், தனக்கும் இதே நோய் இருந்து குணமாகிவிட்டது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம். எதுவானாலும் அங்கே உட்காராதீர்கள். அந்த ஒரு வாக்கியம் ஆளைக் கொல்லும்.

ஆடி பிறந்துவிட்டால் படவேட்டில் வெள்ளிக்குவெள்ளி கூட்டம். சந்தவாசல் வழியாகவும் கண்ணமங்கலம் வழியாகவும் பஸ் பஸ்ஸாக வந்து ரேணுகாம்பாள் முன்னால் வேப்பிலை கட்டி நிற்பார்கள். தீராத நோய்க்கு அம்மனை வேண்டிக்கொள்ளும் ஊர் இது. வேண்டிக்கொள்ளுங்கள், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேண்டிக்கொள்ளுங்கள். எந்த ஊர் திருவிழாவானாலும் கூட்டம் சேரும் இடத்தில் நோயை விற்றுப் பிழைப்பவர்களும் வந்து சேர்வார்கள். இப்போது அவர்கள் துணி விரித்துக் கடைபோட வேண்டிய அவசியம்கூட இல்லை, போன் நம்பர் போதும். அவர்கள் ஆள் பிடிக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் நல்ல பேச்சு. "இன்னாண்ணா, இன்னும் அந்த மாத்திரையவே முழுங்கினு கீறீங்களா? எனக்கும் அதான் இருந்துச்சு. மூணு மண்டலம் லேகியம் சாப்ட்டேன். ரிப்போர்ட் பாருங்க, வைரசே இல்ல." நாமும் அதே நோயோடு இருக்கும்போது அதே நோயைத் தாண்டி வந்ததாகச் சொல்பவர்மேல் நம்பிக்கை வரத்தான் செய்யும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அந்த ரிப்போர்ட் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையான ரிப்போர்ட்டை வைத்தே ஏமாற்றலாம். அரசு ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில், தரும் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்குச் சில மாதங்களில் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை, அதாவது வைரல் லோடு, கருவியால் எண்ண முடியாத அளவுக்குக் கீழே இறங்கிவிடும். ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை" என்று வரும். அது மாத்திரை செய்த வேலை. நோய் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. சில செல்களின் உள்ளே, அவற்றின் மரபணுவோடு தன்னைத் தைத்துக்கொண்டு வைரஸ் தூங்கிக்கிடக்கும். மாத்திரையால் அதை எழவிடாமல் வைத்திருக்க முடியும், அங்கிருந்து பெயர்த்தெடுக்க முடியாது. மாத்திரை சாப்பிட்டவரின் ரிப்போர்ட்டைக் காட்டி லேகியம் விற்பது இப்படித்தான் நடக்கிறது.

அடுத்த சூழ்ச்சி இன்னும் கொடியது. மாத்திரையை நிறுத்திய மறுநாள் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அடுத்த வாரமும் ஆகாது. புதிதாக மாத்திரை தொடங்கியவர்களுக்குச் சிலசமயம் வரும் தலைச்சுற்றல், தூக்கக் குறைவு எல்லாம் போய் உடம்பு லேசானதுபோல்கூடத் தோன்றும். லேகியத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பசி எடுக்கும், முகம் பூரிக்கும். பார்ப்பவர்கள் "தேறிட்டீங்களே" என்பார்கள். உள்ளே நடப்பதே வேறு. மாத்திரை நின்ற சில வாரங்களில் வைரஸ் திரும்ப எழும். பிறகு மாதக்கணக்கில் நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் சத்தமில்லாமல் குறையும். காசநோயோ மூளைக் காய்ச்சலோ வந்து படுக்கும்போது லேகியக்காரரின் போன் ஸ்விட்ச் ஆஃப். மாத்திரையை நிறுத்துவதற்கும் படுக்கையில் விழுவதற்கும் நடுவே இருக்கிற அந்த நல்லகாலம்தான் அவருக்கு விளம்பரம், அதற்குள் அவர் இன்னும் பத்துப் பேரைப் பிடித்திருப்பார். கல்லீரல் மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி சேர்ந்து இருப்பவர்களுக்கு இந்த நல்லகாலமும் கிடைக்காமல் போகலாம். கூட்டு மருந்தில் இருக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் அந்தக் கிருமியையும் அடக்கி வைத்திருப்பவை. திடீரென்று விட்டால் கல்லீரல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு நாடே இதற்கு விலை கொடுத்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 2007இல் அன்றைய அதிபர் யாயா ஜாமே, எய்ட்ஸைக் குணப்படுத்தும் மூலிகை தன்னிடம் இருக்கிறது என்று அறிவித்தார். நோயாளிகளை அழைத்துவந்து ஏ.ஆர்.டி. மருந்தை நிறுத்தச் சொல்லி, தன் கையால் மூலிகை பூசி, அதைத் தொலைக்காட்சியிலும் காட்டினார். பலர் இறந்துபோனார்கள். தப்பிப் பிழைத்தவர்களில் மூன்று பேர் 2018இல் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். நாட்டின் அதிபர் சொன்னாலும் வைரஸ் கேட்கவில்லை. லேகியக்காரர் சொல்லிக் கேட்குமா?

நான் சித்த வைத்தியத்தைப் பழிக்கவில்லை. கூட்டு மருந்து கைக்கு எட்டாத காலத்தில் தாம்பரம் சானடோரியத்தில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அன்று அவர்களிடம் இருந்தது அதுதான். அதே மருத்துவமனையில்தான் 2004 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதற்குமான இலவச ஏ.ஆர்.டி. திட்டம் தொடங்கியபோது மாத்திரையும் கிடைக்கத் தொடங்கியது. எய்ட்ஸைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்துக்கும் உரிமை கொண்டாடக் கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. "முழுக் குணம், கியாரண்டி" என்று லேபிள் ஒட்டிய டப்பா சட்டத்துக்கு விரோதமானது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த நோயின் இந்தியக் கதையில் நம் வட்டாரத்துக்கு ஒரு பங்கு உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் டாக்டர் செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் ரயிலேறி வந்தது வேலூர் சி.எம்.சி.க்குத்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் தெரிந்தது அங்கே, படவேட்டிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில். அதன்பின் பத்துப் பதினைந்து வருஷம் நோயாளிக்கு இருந்த மருந்து சக நோயாளியின் கைதான். 1997இல் சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் அமைப்பான இந்தியப் பாசிட்டிவ் நெட்வொர்க் உருவானது. அடுத்த வருஷம் நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யாவும் தோழிகளும் பாசிட்டிவ் பெண்களுக்கென்று தனி நெட்வொர்க் தொடங்கினார்கள். தன் பெயரையும் முகத்தையும் அன்று வெளியே காட்டுவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! இலவச மாத்திரைக்காகக் குரல் கொடுத்ததும் இவர்களைப் போன்றவர்கள்தான். 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் வாசலில் ஒரு மாதத்துக்கும் மேலாக உட்கார்ந்து போராடியவர்களும் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே. எங்களுக்கு மாத்திரை கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. உண்மையான தோழரை இதை வைத்தே கண்டுகொள்ளலாம். அவர் மாத்திரைக்காகத் தெருவில் உட்காருவார். மாத்திரையை விடச் சொல்லி உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார மாட்டார்.

ஏமாறுபவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆரணிப் பட்டு நெய்யும் வீட்டில் தறியை விட்டு ஒருநாள் எழுந்தால் அன்றைய கூலி போச்சு. சேலை அறுத்துக் கொடுத்தால்தான் காசு. மாத்திரை வாங்க அடுக்கம்பாறைக்கோ திருவண்ணாமலைக்கோ மாதாமாதம் போய்வர பஸ் செலவு வேறு. போகும்போது "எங்க போறீங்க?" என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஒரு பொய்யும் வேண்டும். முதலாளி காதுக்குப் போனால் அடுத்த பாவு கொடுக்க மாட்டாரோ, தார் சுற்ற வரும் பெண்கள் நின்றுவிடுவார்களோ என்ற பயம். இப்படி இருப்பவரிடம் "மூணே மாசம், அப்புறம் எங்கியும் போவத் தேவல" என்று ஒருவர் சொன்னால் அது மருந்தாகக் காதில் விழாது, விடுதலையாக விழும். அதனால்தான் நல்ல தோழமை அவசியம் என்கிறேன். பக்கத்து ஊரில் இன்னொருவர் இதே மாத்திரையைப் பத்து வருஷமாகச் சாப்பிட்டு, தறி ஓட்டி, மகளைக் கல்யாணம் செய்துகொடுத்திருக்கிறார் என்று நேரில் பார்த்துவிட்டவரை லேகியக்காரரால் அசைக்க முடியாது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடம் "எங்களை மாதிரி ஒருத்தர்கிட்ட பேசணும்" என்று கேளுங்கள். மாவட்ட நெட்வொர்க் ஆட்களோடு சேர்த்துவிடுவது அவர்கள் வேலையில் ஒரு பகுதி.

அப்படி வரும் தோழரிடமும் ஒரு எல்லை வையுங்கள். "எப்படிச் சமாளிச்சீங்க, வீட்ல எப்படிச் சொன்னீங்க" என்று அவரிடம் கேட்கலாம். எந்த மாத்திரை, எத்தனை என்பதை டாக்டரிடம் மட்டும் கேளுங்கள். நல்ல எண்ணத்தோடு தரும் யோசனையும் கெடுதல் செய்துவிடும். இப்போது பெரும்பாலோருக்குத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. இதில் டோலுடெக்ராவிருக்கு ஒரு குணம் உண்டு. அலுமினியம், மக்னீசியம், கால்சியம், இரும்பு எது வயிற்றில் இருந்தாலும் அதோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சரியாக ஏறாமல் போய்விடும். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடித்துவிட்டு உடனே மாத்திரை போட்டால் அதில் பெரும்பகுதி வீண். ஜெலுசில் போன்றவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ மாத்திரையைப் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி, அல்லது சாப்பாட்டோடு சேர்த்தே எல்லாவற்றையும் சாப்பிடலாம். சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் என்று கொடுப்பவையும் அடிப்படையில் கால்சியம்தான். இதை எச்சரிக்கிற லேகியக்காரரை நான் கேள்விப்பட்டதில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதை ஏ.ஆர்.டி. டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிர் இன்னொரு வேளை கூடுதலாக வேண்டும். காசநோய் மாத்திரை எங்கே வாங்கினாலும் இதைச் சொல்லாமல் வராதீர்கள். ஒருநாள் மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் போட்டுவிடுங்கள், மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. தெரியாதவர்கள் இருக்கும் குழுவில் உங்கள் ஏ.ஆர்.டி. புத்தகத்தையோ ரிப்போர்ட்டையோ போட்டோ எடுத்துப் போடாதீர்கள். "சென்டர்ல இருந்து பேசறோம், உதவித்தொகை வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று வரும் போனை வைத்துவிடுங்கள். 2019இல் சிங்கப்பூர் அரசின் பதிவேட்டிலிருந்தே 14,200 எச்.ஐ.வி. நோயாளிகளின் விவரங்கள் வெளியே கசிந்தன. அரசாங்கத்திலேயே கசிகிறது என்றால் நூறு பேர் குழுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டத்தின்படி உங்கள் அனுமதியில்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்லக் கூடாது. நோயைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்கள்மேல் வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறைகூட உண்டு.

மோசடிக்காரர்கள் உங்களிடம் சொல்லாத நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வைரல் லோடு கண்டறிய முடியாத அளவிலேயே இருந்தால் உடலுறவு மூலம் இணையருக்கு எச்.ஐ.வி. தொற்றாது. இதற்கு அடித்தளம் போட்ட எச்.பி.டி.என். 052 ஆய்வில் ஒன்பது நாடுகளின் 1,763 தம்பதிகள் பங்கேற்றார்கள். சென்னையும் அதன் மையங்களில் ஒன்று. 2011இல் முடிவு வந்தது: மாத்திரையை உடனே தொடங்கியவர்களிடமிருந்து இணையருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் இதை இன்னும் உறுதிப்படுத்தின. கல்யாணம், குழந்தை, குடும்பம் எல்லாம் அந்த ஒரு மாத்திரையோடு நடக்கும். அதை விடச் சொல்பவர் உங்கள் வீட்டுக்காரியையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறார்.

யாரோ சொன்னார்கள் என்று ஏற்கனவே நிறுத்திவிட்டீர்களா? "ஏன் நிறுத்தினே?" என்று திட்டுவார்களோ என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். அந்தத் தயக்கத்திலேயே பலர் ஆறு மாதம், ஒரு வருஷம் இழக்கிறார்கள். 1097 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், காசு கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. பிறகு உங்கள் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள். பழைய மாத்திரை மிச்சம் இருந்தால் நீங்களாகத் தொடங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். என்று நிறுத்தினீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள், அதைப் பொறுத்துத்தான் என்ன பரிசோதனை, எந்த மருந்து என்று முடிவு செய்வார்கள். அந்த லேகிய டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள். அதில் என்ன கலந்திருக்கும் என்று டாக்டர் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு இருந்திருந்தால் அதை விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது.