ஓவனுக்கு ஏற்றது மலிவு மீன்

ஓவனில் மீன் சுடுவதென்றால் வஞ்சிரமோ கொடுவாவோ வாங்கினால்தான் சரிவரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விலையை வைத்துப் பார்த்தாலும் ருசியை வைத்துப் பார்த்தாலும் இந்தக் கணக்கு தவறு. வஞ்சிரத் துண்டை ஓவனில் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டால் வரட்டி மாதிரி காய்ந்துவிடும். மத்தியும் கானாங்கெளுத்தியும் அதே சூட்டில் எண்ணெய் கசிந்து, தோல் முறுகி, உள்ளே மெத்தென்று வரும். பெரும்பாலான நாட்களில் ஒரு கிலோ வஞ்சிரத்தின் விலைக்கு மூன்று நான்கு கிலோ மத்தி வாங்கிவிடலாம்.

எண்ணெயில் பொரிக்கும்போது கொதிக்கும் எண்ணெய் மீனை உடனே சூழ்ந்து மேலே ஒரு மொறுமொறுப்பை உண்டாக்கிவிடுகிறது. ஓவனில் வேலை செய்வது சூடான காற்று. அது மீனின் ஈரத்தை முதலில் உறிஞ்சும், பிறகுதான் சிவக்க வைக்கும். கொழுப்பில்லாத மீன் இந்த இடைவெளியிலேயே வறண்டுபோகிறது. கொழுப்புள்ள மீனில் தோலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய் சூட்டில் உருகிச் சதையின் மேல் வழிந்துகொண்டே இருக்கும். முழு மீனாகச் சுட்டால் தோலும் நடுமுள்ளும் சேர்ந்து ஈரத்தைக் காக்கின்றன. மலிவு மீன்கள் பெரும்பாலும் சிறியவை, துண்டு போடத் தேவையில்லாதவை, கொழுப்பு மிகுந்தவை. குழம்புக்கு இந்தக் கொழுப்பு சிலருக்குப் பிடிக்காது. ஓவனுக்கு அதுவே மூலதனம்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் இந்த வேலைக்கு மத்திதான் முதல் தேர்வு. குமரிப் பக்கம் அதைச் சாளை என்பார்கள். அடுத்தது கானாங்கெளுத்தி, தெற்கே அயிலை. தென்மேற்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் மத்தியில் கொழுப்பு ஏறும், அப்போது சுட்டால் எண்ணெயே ஊற்றத் தேவையில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீனும் வெளிமாநிலத்து ஐஸ் மீனும்தான் சந்தைக்கு வரும், கடல்மீன் விலை ஏறும். அப்போது கைகொடுப்பது அணையிலும் குளத்திலும் கிடைக்கும் ஜிலேபி மீன். கொழுப்பு குறைவு என்பதால் அதை வெறுமனே சுடக் கூடாது, இலையில் மடித்துத்தான் சுட வேண்டும். ரோகு, கட்லாவின் சதைக்குள் கவட்டை கவட்டையாக நுண்முள் ஓடும். குழம்பில் நனைந்த சதையிலிருந்து அதை உருவி எடுக்கலாம், சுட்ட சதையில் தேடுவது பெரும்பாடு. குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் இவற்றைக் குழம்புக்கே விட்டுவிடுவது நல்லது.

மலிவு மீனை வாங்கும்போது கண் கூர்மையாக இருக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பு தெரிய வேண்டும். பழுப்போ சாம்பல் நிறமோ ஏறியிருந்தால் வேண்டாம். கண் உப்பித் தெளிவாக இருக்க வேண்டும். மத்தியில் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பது. அதன் குடலில் இருக்கும் செரிமானச் சுரப்புகள், மீன் செத்தபின் வயிற்றுச் சுவரையே கரைக்கத் தொடங்கிவிடும். வயிறு வெடித்த மத்தி என்றால் நேரமாகிவிட்டது என்று பொருள்.

கடை மூடும் நேரத்தில் கூறு கட்டிப் பாதி விலைக்குத் தருவார்கள். காரப்பொடியில் அந்தப் பேரம் சில நாள் லாபமாக முடியலாம். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மூன்றிலும் அந்த ஆசை கூடாது. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். எவ்வளவு வேக வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. இந்த மூன்று மீனையும் காலையில், ஐஸில் கிடப்பதைப் பார்த்து வாங்குவதே மிச்சம்.

நான்கு பேருக்கு ஒரு கிலோ முழு மீன் போதும். கானாங்கெளுத்தி என்றால் கிலோவுக்கு ஐந்தாறு நிற்கும், தலைக்கொன்று வைத்து ஒன்றிரண்டு மிஞ்சும். மத்தி பதினாறு முதல் இருபது வரை நிற்கும். சந்தையிலேயே ஆய்ந்து வாங்கினாலும் வீட்டில் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கானாங்கெளுத்திக்குத் தலை இருக்கலாம், செவுள் இருக்கக் கூடாது, கசக்கும். வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைக் கல் உப்பு தொட்டு விரலால் தேய்த்தால் உரிந்து வரும். நடுமுள்ளை ஒட்டி ஒரு கருஞ்சிவப்புக் கோடு ஓடும், அது ரத்தம் நிறைந்த சிறுநீரகம். அதைக் கத்தி முனையால் கீறித் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சுட்ட மீன் கவிச்சி அடிக்கிறது என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இந்தக் கோடுதான்.

மீதிப் பாதி, டிரைமெத்தில் அமீன் என்ற வேதிப்பொருள். மீன் கிடக்கக் கிடக்க இது சேர்ந்துகொண்டே போகும், காற்றில் எளிதில் கலந்து மூக்கில் ஏறும். புளிப்பு பட்டால் இது உப்பாக மாறி ஆவியாகாமல் அடங்கிவிடுகிறது. மீனுக்கு எலுமிச்சை பிழிவதும் புளி கரைத்து ஊற்றுவதும் இதனால்தான். கோடையில் எலுமிச்சை விலை எகிறும்போது கெட்டியான புளிக்கரைசல் ஒரு கரண்டி அதே வேலையைச் செய்யும், மத்திக்கு அது இன்னும் பொருத்தம் என்றே சொல்லலாம்.

கழுவிய மீனைத் துணியால் ஒற்றித் தண்ணீர் இல்லாமல் எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டுத்தான் பலரும் மீன் சிவக்கவில்லை என்று ஓவனைக் குறை சொல்கிறார்கள். மீனின் மேல் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தோல் சிவந்து மணம் பிறக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஈரத்தோடு உள்ளே போகும் மீன் முதல் பத்து நிமிடம் அவிந்துகொண்டுதான் இருக்கும்.

மசாலாவிலும் பொரிக்கும் பழக்கத்தை அப்படியே ஓவனுக்குக் கொண்டுவரக் கூடாது. வாணலி எண்ணெயில் மிளகாய்த்தூளின் பச்சை வாசனை நொடியில் போய்விடும். ஓவனில் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசிய மசாலா பச்சையாகவே காய்ந்து மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். மசாலாவின் மணம் எண்ணெயில்தான் கரையும். ஒரு கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு போதும். மூன்று தேக்கரண்டி நல்லெண்ணெயைச் சிறுதீயில் காய வைத்து, முதலில் விழுதையும் பிறகு தூள்களையும் போட்டு அரை நிமிடம் பிரட்டி இறக்கினால் பச்சை வாசனை அங்கேயே போய்விடும். ஆறியதும் அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி அரிசி மாவு. மீனின் இரு பக்கமும் முள்வரை மூன்று கீறல் போட்டு, கீறலுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் மசாலாவைத் திணிக்க வேண்டும். ஊறல் பதினைந்து நிமிடம். மணிக்கணக்கில் ஊறினால் ருசி கூடும் என்பது ஆட்டுக்கறிக்குச் சரி. மீனின் சதையைப் புளிப்பு மெல்ல மெல்ல இறுக்கிச் சுண்ணாம்பு போல் ஆக்கிவிடும்.

இந்தப் பதினைந்து நிமிடத்தை வீணாக்காமல் இருந்தால் சாப்பாடு முழுவதும் முக்கால் மணி நேரத்தில் முடியும். ஓவனை 220 டிகிரிக்கு, மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் எரியும்படி வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றலாம். அதற்குள் இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு வெங்காயம், இரண்டு தக்காளியை வில்லை வில்லையாக நறுக்கி உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் பிசறித் தட்டில் பரப்பிவிடலாம். உருளைக்கிழங்கு மீனைவிட மெதுவாக வேகும். அதனால் அது பதினைந்து நிமிடம் முன்னதாகவே உள்ளே போக வேண்டும், வில்லையும் மெல்லியதாக இருக்க வேண்டும். குக்கரில் சோறு, பக்கத்து அடுப்பில் ரசம். கிழங்கு பாதி வெந்ததும் மீனை அதன்மேல் அடுக்கி மறுபடி உள்ளே தள்ளினால், மீனிலிருந்து வழியும் எண்ணெயும் மசாலாவும் கிழங்கில் இறங்கும். சில வீடுகளில் மீனைவிட இந்தக் கிழங்குக்குத்தான் போட்டி நடக்கும்.

எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கனடா நாட்டு மீன்வளத் துறை பரப்பியது, அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜேம்ஸ் பியர்டு பிரபலப்படுத்தியது. மீனின் மிகத் தடித்த இடத்தை அளந்து, ஒவ்வோர் அங்குலத்துக்கும் 230 டிகிரியில் பத்து நிமிடம். வீட்டில் இருக்கும் சிறிய ஓவனின் குமிழ் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் இருபது டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். கதவைத் திறந்தாலே சூடு சட்டென்று இறங்கிவிடும். கீழே கிழங்கும் இருக்கிறது. எனவே நடைமுறையில் மத்திக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடமும், கானாங்கெளுத்திக்குப் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடமும் ஆகும். கடைசி இரண்டு நிமிடம் தட்டை மேல் கம்பிக்கு நெருக்கமாக ஏற்றினால் தோல் முறுகும். திருப்பிப் போட வேண்டாம், உடையும்.

மீன் இவ்வளவு சீக்கிரம் வேகக் காரணம் அதன் சதையின் கட்டமைப்பு. நாளெல்லாம் உடல் எடையைச் சுமந்து நடக்கும் ஆட்டின் தசையில் உறுதியான இணைப்புத் திசு நிறைய உண்டு, அது இளக மணிக்கணக்கில் வேக வேண்டும். தண்ணீரில் மிதக்கும் மீனுக்கு அது தேவைப்படவில்லை. அதன் தசைநார்கள் குட்டையானவை, அவற்றை இணைக்கும் மெல்லிய திசு குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். சுட்ட மீன் ஏடு ஏடாகப் பிரிவதற்கு அதுவே காரணம். பதம் பார்க்க, தடித்த இடத்தில் முள்ளை ஒட்டிக் கத்தி முனையை விட்டுப் பிரிக்க வேண்டும். கண்ணாடி போல் தெரிந்த சதை வெள்ளையாக மாறி, முள்ளிலிருந்து விலகினால் பதம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 63 டிகிரி காட்ட வேண்டும். மீனின் மேல் வெள்ளை வெள்ளையாகத் தயிர்த் துளி போல் ஏதாவது நிறையக் கசிந்திருந்தால் பதம் தாண்டிவிட்டது. சதை சுருங்கி, உள்ளிருந்த புரதத்தைப் பிழிந்து வெளியே தள்ளியதன் அடையாளம் அது.

ஜிலேபி மீன், சங்கரா, பாறை போன்றவற்றுக்கு இலை மடிப்பு. கேரளத்தின் கரிமீன் பொள்ளிச்சது, வங்காளத்தின் கடுகு அரைத்துச் செய்யும் பாதூரி, பார்சிகளின் பச்சைச் சட்னி தடவிய பத்ரா நி மச்சி எல்லாம் வாழையிலைக்குள் மீனை வைத்து மடித்த சமையல்கள்தான். வாழையிலையைத் தணலில் லேசாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை வதக்கிய மசாலாவை மீனுக்கு அடியிலும் மேலேயும் வைத்து மடித்து, நூலால் கட்டி, 200 டிகிரியில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். உள்ளே ஆவி தங்குவதால் மீன் வறளாது, ஆனால் முறுகாது. இலை கிடைக்காத ஊரில் அலுமினியத் தாளைப் பயன்படுத்துகிறார்கள். புளியும் உப்பும் பட்டால் அலுமினியம் கரைந்து உணவில் சேரும் என்பதால், நடுவே ஒரு பட்டர் பேப்பர் வைத்துக்கொள்வது நல்லது.

ஓவன் இல்லாத வீட்டில் குக்கர் கேக் செய்யும் அதே ஏற்பாடு போதும். அடிகனமான வாணலியில் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் காய வைத்து, இலையில் மடித்த மீனைத் தட்டோடு உள்ளே வைத்து மூடினால் நடுத்தரத் தீயில் அரை மணிக்குள் வெந்துவிடும். ஏர் ஃபிரையரில் மத்தி மிக நன்றாக வருகிறது, ஆனால் ஒரே தடவையில் ஆறேழுக்கு மேல் இடம் இருக்காது. வெறும் மைக்ரோவேவில், அதாவது கன்வெக்ஷன் வசதி இல்லாத பெட்டியில், மீன் வேகும், சிவக்காது.

இனி மின்செலவு. 1,500 வாட் ஓவன் முன்சூடு உட்பட முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் விடாமல் எரிந்தால்கூட ஒரு யூனிட்தான் ஆகும். உள்ளே சூடு ஏறியதும் கம்பி அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதுவும் ஆகாது. ஒரு கிலோ மீனைத் தவாவில் பொரிக்க நூறு மில்லி எண்ணெய்க்குக் குறையாமல் போகும். மிஞ்சும் எண்ணெய் மறுபடி மீனுக்கு அல்லாமல் வேறெதற்கும் உதவாது, மீண்டும் மீண்டும் காய்ச்சுவது உடம்புக்கும் ஆகாது. ஒரு மீன் மட்டும் சுட ஓவனைப் போடுவதுதான் வீண். தட்டு நிறைய அடுக்கும்போது கணக்கு ஓவன் பக்கம் சாய்கிறது.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளே தீர்த்துவிட வேண்டும். திரும்பச் சூடாக்கினால் மத்தி நாறும் என்பதால், முள்ளை நீக்கி உதிர்த்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நிறையப் போட்டுச் சுறாப் புட்டுபோல் கிளறிவிடுவது உசிதம். தட்டில் ஒட்டிய எண்ணெயை அன்றே துடைத்து, எலுமிச்சைத் தோல் போட்ட தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஓவனுக்குள் கால் மணி நேரம் சூடாக்கினால் வாடை குறையும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் சுடும் கேக்கிலும் கானாங்கெளுத்தி வாசம் வரும்.