பழ ஈ முதல் எஸ்.எம்.ஏ மருந்து வரை... செல்லுக்குள் நடக்கும் ‘எடிட்டிங்’ என்ன?

ராஜபாளையம், சோழபுரம் பக்கம் மாம்பழ சீசன் வந்துட்டா, கனிஞ்ச பழத்தைச் சுத்தி குட்டி குட்டியா ஈ மொய்க்கும். அந்தப் பழ ஈ இனங்களில் ஒன்று, 100 ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. நம் செல்லுக்குள் நடக்கும் ஒரு ‘எடிட்டிங்’ வேலையைப் புரிய வைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்ப்ளைசிங் என்றால் என்ன?

ஷூட் பண்ணிய எல்லாமே படத்தில் வராது. எடிட்டர் தேவையில்லாததை வெட்டி, மிச்சத்தை ஒட்டுவார். செல்லும் அப்படித்தான். மரபணுவில் இருந்து எடுத்த ஆர்.என்.ஏ நகலில் வேண்டாத துண்டுகளை வெட்டி, வேண்டியதை ஒட்டும். இதுதான் ஸ்ப்ளைசிங். 1977-ல் இதைக் கண்டுபிடித்ததற்காக பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவருக்கும் 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யும் புரதங்கள்தான் ‘ஸ்ப்ளைசிங் ஃபேக்டர்’கள்.

ஈ சொல்லிக் கொடுத்தது என்ன?

பெண் ஈயில் ‘செக்ஸ்-லீத்தல்’ என்ற புரதம் இருக்கும். அது எடிட்டிங்கை மாற்றிவிடுவதால்தான் ஈ பெண்ணாக வளர்கிறது. அது இல்லாவிட்டால் ஆண். ‘டிஸ்கேம்’ என்ற ஒரே ஒரு ஈ மரபணுவை மட்டும் 38,016 விதமாக வெட்டி ஒட்ட முடியும்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குழந்தைகளின் தசையை முடக்கும் எஸ்.எம்.ஏ நோயில், ‘எஸ்.எம்.என்-1’ மரபணு வேலை செய்யாது. உடலில் ‘எஸ்.எம்.என்-2’ என்ற ஸ்டெப்னி ஒன்று உண்டு. ஆனால் எடிட்டிங்கில் அதன் 7-வது துண்டு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதனால் போதுமான புரதம் உருவாவதில்லை.

நன்கொடை திரட்டி வாங்கப்படும் ‘16 கோடி ரூபாய் ஊசி’ புது மரபணுவையே உடலுக்குள் செலுத்துகிறது. ‘ரிஸ்டிப்ளாம்’ மருந்தின் ரூட் வேறு. விடுபடும் துண்டைச் சேர்த்து ஒட்ட வைக்கிறது. வாய்வழியாகக் கொடுக்கலாம். ஆனால் நோயை முழுசா குணமாக்காது, தொடர்ந்து எடுக்கணும்.

விலை எவ்வளவு?

இந்தியாவில் ரோச் நிறுவனத்தின் ரிஸ்டிப்ளாம் ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாயாக இருந்தது. காப்புரிமை வழக்கில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்ததால், 2025 அக்டோபரில் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டு வந்தது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

அப்பா, அம்மா இருவருமே இந்தக் குறைபாட்டைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் இந்த ஆபத்து கூடும். குடும்பத்தில் யாருக்காவது எஸ்.எம்.ஏ இருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.